காய்ச்சல் விட்ட நாள்

எனக்கு வந்த காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வாசலில் நின்றபடியே இது அம்மை என்று சொல்லி, நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்பதையும் பார்க்காமல் நிலையில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். கோயில் உபதேசியார் வந்து, கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்றார். ஜெபம் செய்து நெற்றியில் எண்ணெய் தடவினார். கடைக்காரச் சீனர் உடம்புச் சூடு என்று சொல்லி பார்லி கொடுத்தனுப்பினார். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் மலேரியா என்றார். பார்லி கொடுத்தவர்தான் கொஞ்சமாவது சரி என்று பிறகு தெரிந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. ஈப்போவுக்கு மேலே மலையில், கோலா தெர்லா போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பாக்டரியில் இலை காய வைக்கும் அடுப்புப் பக்கம் வேலை செய்தார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். அவருடைய அக்கா பிலோமினா, புருஷனை இழந்தவர், எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு வாய் திறந்தால் குறைதான் வரும். சோறு குழைந்தாலும் குறை, குழையாவிட்டாலும் குறை.

சவரிமுத்துவின் சித்தப்பா மகனுக்கு ஈப்போவில் கல்யாணம். தோட்டத்து லோரியை வாடகைக்குப் பேசி லயத்திலிருந்து ஒரு கூட்டமாகப் போனோம். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு லெட்சுமியும் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்கு ஈப்போ டவுனைப் பார்க்க ஆசை. சமையலுக்கு ஒத்தாசையும் செய்கிறேன் என்றாள். கல்யாண வீட்டில் குழாய்த் தண்ணீர் சரியாக வராது என்பதால் வீட்டைச் சுற்றி டிரம்களிலும் ஜாடிகளிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். பின்கட்டில் உட்கார்ந்து நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில் கொசு பிடுங்கி எடுத்தது. காலில் வெள்ளை வெள்ளையாக வரி போட்ட சின்னக் கொசு. மேலே குளிரில் இருந்து பழகிய எங்களுக்கு அது எரிச்சலாக இருந்ததே தவிர பயமாக இல்லை.

மலைக்குத் திரும்பி ஒரு வாரம் போல ஆகியிருக்கும். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அனலாகக் கொதித்தது உடம்பு. காய்ச்சல் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் காய்ச்சலில் கண்ணை இப்படியும் அப்படியும் திருப்ப முடியவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை விட்டு அமுக்குவது போல இருந்தது. இடுப்பும் முழங்காலும் எலும்பு எலும்பாக வலித்தன. போர்வை பட்டாலே வலித்தது.

டிரெஸ்ஸர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவில் லயம் லயமாக ஆட்கள் சாய்ந்ததைப் பார்த்தவர். அதனாலேயே காய்ச்சல் என்றால் அவருக்கு ஒரே பெயர்தான் தெரியும். கீழே போனாயா, கொசு கடித்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், முடிந்தது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் மலேரியாக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குக் கண்ணாடியைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வீண் வேலை என்று விட்டுவிட்டார். வாய் முழுக்கக் கசக்கிற மாத்திரை ஒன்று, வலிக்கு ஆஸ்பிரின் ஒன்று. கசப்பு மாத்திரை போட்டால் காதுக்குள் பாக்டரி மெஷின் ஓடியது. ஆஸ்பிரின் போட்டால் வயிறு எரிந்தது. காய்ச்சல் அது பாட்டுக்கு இருந்தது.

டெங்கி என்ற பேச்சு அப்போது எங்கள் காதிலும் விழுந்திருந்தது. அண்ணி அதை டிரெஸ்ஸரிடம் கேட்டும் பார்த்தார். அது டவுன்காரன் வியாதி, இந்தக் குளிரில் அந்தக் கொசு உயிரோடு இருக்காது என்றார் அவர். கொசு மலை ஏறவில்லை, நாங்கள்தான் இறங்கிப் போனோம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை காய்ச்சல் விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, திடீரென்று விட்டது. வீடே சந்தோஷப்பட்டது. உபதேசியார் தோத்திரம் சொன்னார். பொன்னம்மா, அம்மன் இறங்கிவிட்டாள் என்றாள். டிரெஸ்ஸர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, நான் சொன்னேனே என்பது போல அண்ணியைப் பார்த்தார். நோய் லீவுக்கான எம்சி இனிமேல் கிடையாது, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ எழுந்து உட்கார முடியவில்லை. வயிற்றில் வலி. தொண்டை வரைக்கும் குமட்டல். அதைச் சொன்னால், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, சோம்பலை விட்டு எழுந்து கொஞ்சம் நட, சரியாகிவிடும் என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு பாக்டரிக்குப் போய்விட்டார். அழுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

மத்தியானம் அண்ணி எனக்கு ரவிக்கை மாற்ற வந்தார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது. ரவிக்கையைத் தளர்த்தினால் தோளிலும் மார்பிலும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தது போலப் பொடிப் பொடியாகத் தடம். அண்ணி ரவிக்கையைக் கட்டிவிட்டு எழுந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய் வேன் கேட்டார். டிரெஸ்ஸரின் சீட்டு இருந்தால்தான் வேன் என்றார் கிராணி. டிரெஸ்ஸரிடம் போனார். காய்ச்சல் இல்லாத ஆளுக்கு எதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு என்றார் டிரெஸ்ஸர். அண்ணி திரும்பி வந்து, என்னைப் போர்வையோடு சுருட்டி, பொன்னம்மாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மண் பாதை வழியாக ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் திட்டு. என்னைத்தான். எடை போட்டதற்கு, செருப்பைத் தொலைத்ததற்கு.

கோலா தெர்லாவிலிருந்து கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் ஏற்றி வந்த ஒரு சீனரின் லோரியை அண்ணி ரோட்டின் நடுவில் நின்று மறித்தார். அந்த மனிதர் முதலில் கோபமாகத்தான் இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டில் இருந்த கூடையைத் தூக்கிப் பின்னால் போட்டார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார வைத்தது வரைதான் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இருக்கிறது. மிஸ்ஸி ஒருவர் தெர்மாமீட்டர் வைத்தார், பிறகு நாடி பிடித்தார், பிறகு ஓடினார். நர்சுகள் ஓடினால் நமக்கு ஏதோ நடக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கையில் ஊசி ஏற்றி பாட்டில் தண்ணீர் இறக்கினார்கள். அது முடிவதற்குள் இன்னொன்று. என் வீட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியாது. கண் திறந்தபோது தலையிலும் புருவத்திலும் தேயிலைத் தூளோடு கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் மலையாளி, நடுத்தர வயது. தமிழ் பேசுவார், ஆனால் ராகம் வேறாக இருக்கும். என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டார். ஆஸ்பிரின் என்றதும் முகத்தைச் சுளித்தார். ரத்தம் உறைவதற்கென்று ரத்தத்தில் பொடித் தட்டுகள் சில உண்டாம். இது டெங்கியாகத்தான் இருக்கும், அதில் அவை குறைந்துபோகுமாம். ஆஸ்பிரின் மிச்சமிருப்பதையும் வேலை செய்ய விடாதாம். அதனால்தான் தோலுக்கடியில் அந்தச் சிவப்புப் புள்ளிகள். ரத்தக் குழாயின் சுவரும் நைந்த துணி போல ஆகி, ரத்தத்திலிருக்கும் நீர் வெளியே கசிந்துவிடும். உடம்புக்குள்ளேதான் தண்ணீர் இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நாடி தளரும், கை கால் சில்லிடும். இது நடப்பது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் என்றார். எல்லோரும் சந்தோஷப்படுகிற நேரத்தில் வருகிற ஆபத்து. இதைக் கேட்டதும் பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றைக்கு மாலைக்குள் என் விரல்களில் குத்தாத இடம் பாக்கியில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று பார்க்கத் திரும்பத் திரும்பக் குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள் வந்து பெயர் என்ன, ஊர் என்ன, எப்போது காய்ச்சல் என்று முதலிலிருந்து கேட்டார். கறுப்புக் காப்பி கேட்டேன். கூடாது, வாந்தி வந்தால் ரத்தமா காப்பியா என்று தெரியாது என்றார்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் சரியானதும் ஒரு மிஸ்ஸி கையில் பட்டை கட்டிக் காற்றடித்தார். அடித்தவர் அதை இறக்கவில்லை. கை நீலம் பூத்து மரத்துப் போனது. மறந்துவிட்டார் என்று நினைத்து, இருந்த தெம்பையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். அவர் மலாய்க்காரப் பெண். தமிழ் தெரியாததால் நல்லவேளையாகச் சிரித்துக்கொண்டே நின்றார். பட்டையை அவிழ்த்தபோது முழங்கைக்குக் கீழே புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் தெளித்திருந்தன. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நல்லது, நல்லது என்றார். என் கை நாசமானதில் என்ன நல்லது என்று கேட்டேன். டெங்கிதான் என்று நினைக்க இன்னொரு காரணம் கிடைத்தது, கோலாலம்பூருக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறேன், பதில் வர நாளாகும், அதுவரை நம் கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்றார்.

மலேரியாக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார். இங்கே வருவதற்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"அங்கே காய்ச்சல்னு யார் வந்தாலும் மலேரியான்னு எழுதுவோம். கண்ணாடியில ஒண்ணும் இல்லைன்னாலும் அதே மாத்திரைதான். சில பேர் பொழைச்சாங்க, சில பேர் பொழைக்கலை. அதில எத்தனை பேருக்கு இந்தக் காய்ச்சல்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நாங்க பார்க்கவே இல்லை."

தனக்குத்தானே பேசியது போல இருந்தது. அப்புறம் சட்டென்று என் பக்கம் திரும்பி, உன்னோடு கல்யாணத்துக்குப் போனவர்களில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

எங்கள் லயத்து முனியாண்டிக் கிழவருக்கும் லெட்சுமிக்கும் என்று அண்ணி சொன்னார். லெட்சுமி எனக்குப் பிறகு காய்ச்சலில் படுத்தவள். அவளுக்கும் அதே கசப்பு மாத்திரைதான். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரையும் உடனே கூட்டி வர வேண்டும் என்றார். இவரும் வழக்கம் போலத் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலை நம்பி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு அலுத்துப்போனது. டிரெஸ்ஸர் வேண்டாம் என்றால் அதற்கும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார் என்றுதான் நினைத்தேன்.

கூடவே போன அண்ணி வந்து சொல்லித்தான் நடந்தது தெரியும். முனியாண்டி வர மாட்டேன் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாராம். லெட்சுமிக்கு அன்று காலையில் காய்ச்சல் விட்டிருக்கிறது. டிரெஸ்ஸர் எம்சியை நிறுத்தியிருக்கிறார். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் நேராகக் கொழுந்து மலைக்கு ஏறி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி அவளை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். டிஸ்பென்சரி வாசலில் டிரெஸ்ஸர் மறித்து, யாரைக் கேட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறாய், நான் சீட்டுத் தரமாட்டேன் என்றாராம்.

"நான் கேட்க வரலைங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாராம் என் வீட்டுக்காரர்.

இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் தம்பிக்கு வாய் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும்.

லெட்சுமி தன் காலால் நடந்து வார்டுக்குள் வந்தாள். அதுதான் தொல்லை. நன்றாக நடக்கிறவளை ஏன் படுக்க வைக்கிறார்கள் என்று அவளுக்கே வெட்கம். என் அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும் அக்கா, மார் கட்டிக்கொள்ளும் அக்கா என்று முனகிக்கொண்டே இருந்தாள். பிள்ளையை வார்டில் வைத்துக்கொள்ள விடவில்லை. அண்ணிதான் தன்னோடு கொண்டுபோய் டின் பால் கரைத்துக் கொடுத்தார். லெட்சுமிக்குத் தண்ணீர் குடி என்றால் குமட்டுகிறது என்பாள். நான் ஒரு கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, மறு கையால் அவள் பக்கம் கோப்பையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அவளுடைய புருஷன் மணியம் வந்தான். காய்ச்சல் இல்லை, ஆள் நன்றாக இருக்கிறாள், பிள்ளை அழுகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போகிறேன் என்று மிஸ்ஸியிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் அப்போது வேறு வார்டில் இருந்தார். லெட்சுமியும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அத்தனை நாளும் எனக்குள் சேர்ந்திருந்த எரிச்சலெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து நின்றது. பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, லெட்சுமியின் கட்டிலில் அவளுக்கும் மணியத்துக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி, காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தான் நான் சாகக் கிடந்தேன். எல்லாரும் எனக்கு நல்லாயிருச்சுன்னுதான் சொன்னாங்க. இவளை இன்னைக்குக் கூட்டிட்டுப் போனா, நாளைக்குத் தூக்கிட்டு வர்றதுக்கு லோரி கிடைக்காது. அந்தப் பிள்ளைய நான்தான் வளர்க்கணும், தெரிஞ்சுக்கோ."

வார்டே திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி என்னைத் திட்டி என் கட்டிலுக்கு இழுத்துப் போனார். கையிலிருந்த ஊசி நழுவி ரத்தம் வந்திருந்தது. மணியத்துக்குக் கோபம், ஆனால் போகவில்லை. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

பொழுது சாய்வதற்குள் லெட்சுமியின் பேச்சு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நிலைகொள்ளாமல் புரண்டாள். நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும். கூப்பிட்ட குரலுக்கு டாக்டரே வந்தார். நாடி கிடைக்கவில்லை என்று அவர் சொன்னது மணியத்துக்கும் கேட்டது. பிறகு பாட்டில் மேல் பாட்டில். முன்பு என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் இப்போது அவளைச் சுற்றி நின்றார்கள். மணியம் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

விடிந்தபோது அவள் இருந்தாள். ஆனால் டாக்டரின் முகம் தெளியவில்லை. மூத்திரம் போக வேண்டும், அது போனால்தான் ரத்தம் திரும்பவும் ஓட வேண்டிய இடத்தில் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார். அதற்காகக் காத்திருந்தோம். லெட்சுமி போர்வையை மூடிக்கொண்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும் என்று முனகினாள். அவள் வாய் திறந்து சலித்துக்கொண்டதே எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. கடைசியில் அந்த மலாய்க்கார மிஸ்ஸி மறைப்புக்குள்ளிருந்து சட்டியோடு வெளியே வந்து, ஏதோ விருது வாங்கியவர் போல அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எதிர்க்கட்டில் சீனக் கிழவிகூடக் கை தட்டினாள்.

கோலாலம்பூரிலிருந்து டெங்கிதான் என்று பதில் வந்தது நாங்கள் வீடு திரும்பி வெகுநாள் கழித்து. டிரெஸ்ஸர் அதைக் கேட்டுவிட்டு, டெங்கியும் இருந்திருக்கும், மலேரியாவும் இருந்திருக்கும் என்றார். முனியாண்டிக் கிழவர் போர்வைக்குள்ளேயே கிடந்து ஆஸ்பத்திரி வைத்தியம் எதுவும் இல்லாமல் பிழைத்துக்கொண்டார். நிறையப் பேருக்கு இது அப்படித்தான் தானாகவே போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். டிரெஸ்ஸரோ அதைத் தன் மாத்திரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பிறகு சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து, கொசுவே இல்லாத எங்கள் லயத்துக்குப் புகையடித்துவிட்டுப் போனார்கள். ஈப்போவில் அந்தத் தண்ணீர் டிரம்களை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் வார்டில் கடைசி நாளைச் சொல்லாமல் விட்டால் கணக்குச் சரியாகாது. எங்கள் இருவரையும் ஒரே நாளில்தான் அனுப்பினார்கள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை லெட்சுமியைப் பார்த்துவிட்டு அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. இத்தனை நாள் டின் பால் குடித்து மறந்துவிட்டது என்று அண்ணி பிள்ளையைத் திட்டினார், பிறகு லெட்சுமியைத் திட்டினார், பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெட்சுமி கையை நீட்டினாள். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் அப்படி வற்றிப்போனவளுக்குப் பால் எங்கே இருக்கப்போகிறது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்திருப்பாள். பிள்ளையை வாங்கிச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிள்ளை முரண்டு பிடித்தது, அழுதது, விட்டது, மறுபடி பிடித்தது. பிறகு சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே, "பால் இருக்குது அக்கா" என்றாள் லெட்சுமி.

அண்ணி குறை சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.